மாமாவிடம் நான் சொல்ல மாட்டேன்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் "சரிங்மா, சரிங்மா" என்று கேட்டுக்கொண்டு வைத்திருப்பாய். நீ சரி என்று சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். உன் அப்பாவுக்கும் அதே பழக்கம். அதனால் எழுதுகிறேன். இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி.

உங்கள் கம்பெனி கோயமுத்தூரில் இருக்கும் பவுண்டரியை மூடப்போகிறது. பம்புகளுக்கான வார்ப்புகளை இனிமேல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதென்று சென்னையில், உன் தலைமை அலுவலகத்தில், முடிவாகிவிட்டது. இங்கே இரும்பை உருக்கி வார்க்கிற எல்லோருக்கும் வேலை போகிறது. அவர்களில் என் அண்ணன், உன் மாமாவும் ஒருவர். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமை, மனிதவளப் பிரிவிலிருந்து உன் மேலாளரும் நீயும் வந்து இதை அறிவிக்கப்போகிறீர்கள். "பூஜை நல்லபடியா முடியட்டும்னு மேல சொல்றாங்கம்மா. அதுக்குள்ள மாமாகிட்ட மட்டும் நீங்க பக்குவமா சொல்லி வெச்சிருங்க. நீங்க இதையேதானே படிச்சீங்க" என்றாய். நான் அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இதையேதான் படித்தேன். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, உன்னைப் பெற்று, நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானும் கல்லூரிக்குப் போனேன். நிர்வாகவியலில் நிறுவன நடத்தை என்று ஒரு பாடம் இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்கிற பாடம். அதை இன்று பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அதில் என் ஆராய்ச்சி, வேலை போய்விட்டது என்ற செய்தியை நம் ஊர் மில்களும் பட்டறைகளும் எப்படிச் சொல்கின்றன என்பது பற்றியது. அந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உன் அப்பா. அவர் இருந்தவரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா மில்லில் பர்சனல் ஆபீசராக, ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் பார்க்கிறவராக, இருந்தது உனக்குத் தெரியும். ஒரு வருடம் புது மிஷின்கள் வந்து, வயதான ஆட்கள் சிலரை நிறுத்தச் சொன்னார்கள். ரங்கசாமி என்று ஒருவர், பஞ்சு பிரிக்கும் பகுதியில் நெடுங்காலம் இருந்தவர். அப்பா சேர்ந்த புதிதில் மில்லைச் சுற்றிக் காட்டியதே அவர்தான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஆயுத பூஜையன்று சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நாளில் சொன்னால் வலிக்காது என்று நினைத்திருக்கிறார். ரங்கசாமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, அதிகாரிகளுக்கு வருகிற கப்பில் காபி வரவழைத்துக் கொடுத்தார். சால்வை போட்டார். மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடப் பெரிய ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். மகள் எப்படி இருக்கிறாள், மூட்டு வலி பரவாயில்லையா, தென்னைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். இந்த மில் உங்களை மறக்காதுங்க என்றார். சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாகவே நம்பி வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

ரங்கசாமி தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்திருக்கிறார். அடுத்த வேலை நாளில் புதுச் சட்டையோடு, கையில் சாப்பாட்டுத் தூக்குடன் மில் வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேனுக்கு விஷயம் தெரியும். அவருக்கும் வாய் வரவில்லை. "உக்காருங்ணா, சார் வந்துரட்டும்" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டிருக்கிறார். அப்பா மாடி ஜன்னலில் இருந்து அதைப் பார்த்தார். அன்று சாயங்காலம் மில்லின் பின் வாசல் வழியாக வெளியேறி வீட்டுக்கு வந்தார். மறுநாளும் அதேதான். வாசலில் வருகைக்கு டோக்கன் மாட்டுகிற பலகையில் தன் டோக்கன் இல்லாததை ரங்கசாமி தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை, அந்த மில்லில் அத்தனை நல்ல மனிதர்கள் இருந்தும், ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அந்த முன் வாசலை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. நான் கேட்டபோது, "நான் மரியாதையாத்தான பேசினேன்" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் ஆராய்ச்சிக்குப் போனேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கெல்லாம் நல்ல விடைகள் இருக்கின்றன. மரியாதையாக நடத்து, கண்ணியம் குறையாமல் சொல், அவர் பேசுவதைக் கேள். தப்பில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லித்தான் தள்ளுவோம். மரியாதை இங்கே ஜமுக்காளம் மாதிரி. நன்றாக இழுத்து விரித்துவிட்டால், கீழே தரை பெயர்ந்திருப்பது உட்காருகிறவருக்குத் தெரியாது. பவானியில் ஒரு அம்மாளைப் பார்த்தேன். நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்தவர். வேலை போன நாளைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். "பாவங்க அந்த சாரு. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சுங்க. வெசனப்படாதீங்க சார், சாமி இருக்குதுன்னு நாந்தான் தேத்திப்போட்டு வந்தேன். பஸ்ஸேறிப் பாதி வழி வந்ததுக்கப்பறந்தானுங்க தெரிஞ்சுது, வேலை போனது எனக்குன்னு."

இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் தடவை கேட்டபோது பவானி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன் என்பது ஞாபகம் இருக்கிறது. இப்போது அது யாரோ அழுத மாதிரி இருக்கிறது. இப்படிப்பட்ட மனிதர்கள் நிறையப் பேரை உட்கார வைத்துக் கேட்டு, பதிவு செய்து, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சொல்லாக எழுதியிருக்கிறேன். எங்கோ நடுவில் அழுகை நின்றுவிட்டது. உன் அப்பா போன பிறகா, அதற்கு முன்பா, தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கன்னம் இருப்பது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன். போனில் உன் குரலும் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இதற்கு முன் ஓசூரில் ஒரு யூனிட்டில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டு வந்ததைச் சொன்னாயே, "ஒண்ணுமே தோணலைங்மா, ஈஸியா முடிஞ்சுது" என்று. ஈஸியாக முடிந்ததாக நினைத்துக்கொள்ளாதே. மரத்துப்போன கையால் சூடான பாத்திரத்தைத் தூக்க முடியும். கொப்புளம் பிறகு வரும்.

நேற்று மாமா வந்திருந்தார்.

முருங்கைக்காய் கட்டு ஒன்றை வண்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "ஏனம்மணி, பட்டப்பகல்ல ஊட்ட இருட்டுல வெச்சிருக்கற?" என்றார். ஹாலில் டியூப் லைட் எரியவில்லை, எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"ஊருக்கெல்லாம் மேனேஜ்மெண்டு சொல்லிக்குடுக்கற ஊட்டுல ஒரு ஸ்டார்ட்டர் மாத்த ஆளில்லை. ஸ்டூல எடு."

"விழுந்து வெச்சிராதீங்ணா. அண்ணி என்னைத்தான் கேப்பாங்க."

"உங்கண்ணி கேக்க மாட்டா. நிம்மதின்னு ஒக்காந்து டிவி பாப்பா."

அவர் மேலே ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாதம் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. உருகின இரும்பு தெறித்த பழைய தழும்புகள் கணுக்கால் வரை இருக்கின்றன. சின்ன வயதில் நீ அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு இது என்ன, இது என்ன என்று கேட்பாய். உனக்குக் காது குத்தும்போது நீ உட்கார்ந்திருந்தது அவர் மடியில்தான். நீ உதைத்த உதையில் அவர் மூக்குக் கண்ணாடி உடைந்தது. இதையெல்லாம் நினைத்தேன். நினைத்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டூல் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மேலே நின்றபடியே பேசினார். "அரசூர்ப் பக்கம் புதுசா ஒரு பவுண்டரி வந்திருக்குதல்லோ, ஆள் எடுக்கறாங்க. நம்ம மோல்டிங்ல ரெண்டு பேரு போறேன்னு கெளம்பிட்டாங்க. பூசைக்குள்ள வாரமா இல்லையான்னு சொல்லோணுமாம். நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

"ஏனுங்ணா நிறுத்துனீங்க?"

"அட, இங்க மூடப்போறாங்க, அங்க விக்கப்போறாங்கன்னு எவனோ டீக்கடையில கெளப்பி விட்டிருக்கறான். எம்மாப்ள ஹெட் ஆபீஸ்ல இருக்கறான்டா, ஒண்ணுன்னா மொதல்ல எனக்குத்தான் தெரியும், நான் சும்மா இருக்கறனா இல்லையா, என்ற மூஞ்சியப் பாருங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்பறந்தான் அடங்குனாங்க."

லைட் எரிந்தது. "பாத்தியா" என்று கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டார். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போடற பாடம் உங்க காலேஜுல இல்லியா?" என்றார். இந்த வருடம் பர்னஸ் உலையைச் சுற்றிக் கம்பிகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்து ஜோராகப் பூஜை பண்ணப்போகிறார்களாம். வழக்கம்போலச் சந்தனம் வைப்பதும் வாசலில் பூசணிக்காய் உடைப்பதும் அவர்தான். "நீயும் வா அம்மணி. மாப்ளயையும் வரச்சொல்லு. ஆபீஸ் ஆளா அவன் எங்களோட நிக்கறத எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

இதை நன்றாக யோசித்துப் பார். பவுண்டரியில் இருக்கிறவர்கள் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதில்லை. உன் மாமா முகத்தைப் பார்க்கிறார்கள். உன் மாமா உன்னைப் பார்க்கிறார். நீ ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார். நீ சும்மா இருக்கிறாய் என்று நினைக்கிறாய். உன் மௌனம் அங்கே ஷிஃப்ட் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது இரண்டு பேர் வேறு வேலைக்குப் போவதை ஏற்கெனவே தடுத்துவிட்டது. பூஜை வரைக்கும் அரசூரில் இடம் இருக்கும்; திங்கட்கிழமை நீ வந்து சொல்லும்போது இருக்காது. உங்கள் ஆட்கள் பூஜை நல்லபடியாக முடியட்டும் என்கிறார்களே, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்று நானும் நம்புகிறேன். உன் அப்பாவும் நல்ல எண்ணத்தில்தான் பெரிய பாக்ஸ் வாங்கினார்.

அதனால் மாமாவிடம் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது தங்கச்சி அண்ணனிடம் சொன்னதாகும். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அதே முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் பொய்யாகும். மாற்றிக்கொண்டால், ஹெட் ஆபீஸ் மருமகன் மாமனுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டான் என்றாகும். நம் வீடுகளில் நல்லதோ கெட்டதோ முதல் சேதி மாமனுக்குத்தான். அது வீட்டு விஷயங்களுக்கு. இதில் அவர் உனக்கு மாமா மட்டுமில்லை.

நீதான் வர வேண்டும். பூஜைக்கு முன்னால் வர வேண்டும். உன் மேலாளரிடம் போய் அரசூர் விஷயத்தைச் சொல். ஆட்கள் வேறு வேலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாம் தாமதிப்பதால் விடுகிறார்கள் என்று சொல். அவர் நியாயமானவராக இருந்தால் புரியும். புரியாமல் போனால் என்ன ஆகும், உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதி உன்னைத் தைரியப்படுத்த விரும்பவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்கிற அம்மாவாக இருந்திருக்கலாம். அந்தச் சொற்கள் இப்போது எனக்கு வருவதில்லை.

வந்தால், எல்லோரையும் மாமாவோடு சேர்த்து நிற்கவைத்துச் சொல். முதல் வாக்கியத்திலேயே சொல். டீ வரும், வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் சொல். குடித்துவிட்டால் உன் நாக்கு வேறு எதையாவது விசாரிக்க ஆரம்பித்துவிடும், உன் அப்பா பிள்ளை நீ. "இந்த பவுண்டரியை மூடுறாங்க, இங்க இருக்கற எல்லாருக்கும் வேலை முடியுது" என்று சொல்லிவிட்டு, எந்தத் தேதி, என்ன தருவார்கள் என்பதைச் சொல். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல். 'ங்க' எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள், அந்த வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். மாமாவை அங்கேயும் மாமா என்றே கூப்பிடு. சார் என்று கூப்பிட்டு உறவை மறைக்காதே, அவருக்கு அது தாங்காது. யாராவது கோபமாகக் கத்தினால் கத்தட்டும். யாராவது உன்னைத் தேற்ற வந்தால் மட்டும் விடாதே.

அங்கே நிற்கும்போது உனக்கும் ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். பரவாயில்லை. எதுவும் தோன்றாதபோதும் சரியாக நடந்துகொள்ள முடியும். நான் இப்போதெல்லாம் அதை வைத்துத்தான் நாட்களை ஓட்டுகிறேன்.

நேற்று மாமா கிளம்பியபோது நடந்ததையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். கேட் வரை போனேன். வண்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏனம்மணி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது. மாப்ள ஏதாச்சும் சொன்னானா?"

இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வாட்ச்மேன் எடுத்துப் போட்ட அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. "அவனே வந்து சொல்லுவானுங்ணா" என்றேன்.

"எப்ப?"

"பூசைக்கு முந்தி."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அது திரும்புகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஊட்டுக்கு வாரானா, பவுண்டரிக்கு வாரானா?"

"பவுண்டரிக்குங்ணா."

அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே எல்லோரும் பார்க்கிற அதே முகத்தை. தலையை ஆட்டினார். "செரி. வரட்டும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். உள்ளே வந்து அவர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன். ஹாலில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீ வருவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா